எனக்குத் தெரியாதும்மா

2017 அக்டோபர் 31, செவ்வாய்க்கிழமை. சித்தூரில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனை எல்லார் முன்னாலும் நிறுத்தி, "போய் மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றேன். மறுநாள் அவன் அம்மாவிடம் ஒரு பொய் சொன்னேன். பையனை விரட்டியது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். பொய் சொன்னது இன்றுவரை யாருக்கும் தெரியாது, என் மனைவிக்குக்கூட. என்னை உறுத்துவது அந்தப் பொய்தான். ஆனால் முதலில் நடந்ததைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

அன்று எங்கள் பள்ளியில் ஹாலோவீன். அதற்கு முன்னால் அப்படி ஒரு நாள் எங்களுக்குக் கிடையாது. பெங்களூர்ப் பள்ளிகளில் நடக்கிறது, நாமும் செய்தால் அட்மிஷன் சமயத்தில் போட்டோ போடலாம் என்று பேச்சு வந்தது. ஆங்கில ஆசிரியர் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் ஆசையோடுதான் எடுத்துக்கொண்டேன். சர்க்குலரை நானே எழுதினேன். பேய், சூனியக்காரி, எலும்புக்கூடு, வௌவால், இதில் ஏதாவது ஒன்று. கறுப்புத் துணியாக இருந்தால் நல்லது.

முதல் நாள் அசெம்பிளியில் இருபது நிமிஷம் வரலாறும் சொன்னேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அயர்லாந்திலும் பிரிட்டனிலும் கெல்ட் மக்கள் இருந்தார்கள். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற அந்த ராத்திரிதான் அவர்களுக்கு வருஷப் பிறப்பு. செத்தவர்கள் அன்றைக்குத் திரும்பி வருவார்கள். அந்தப் பேய்களுக்குத் தங்களை அடையாளம் தெரியக் கூடாதென்று ஜனங்கள் மிருகத்தோல் போர்த்தி வேஷம் போட்டுக்கொண்டார்கள். கூட இருந்து பார்த்தவன் மாதிரி சொன்னேன். அந்த விழாவின் பெயரை 'சம்ஹெய்ன்' என்று நாலைந்து தடவை உரக்கச் சொன்னேன். ஐரிஷ்காரர்கள் அதைச் 'சௌவின்' என்று சொல்வார்கள் என்பதே எனக்குத் தெரியாது. பிள்ளைகள் என்னை நம்பினார்கள்.

மறுநாள் காலை முற்றம் முழுக்கக் கறுப்புத் துணியும் அட்டை முகமூடியுமாக இருந்தது. அந்தப் பையன் கேட்டைத் தாண்டி வந்தபோது எனக்கு முதலில் யாரென்று தெரியவில்லை. அரக்குச் சேலை, மஞ்சள் கரை. பெரியவர்கள் உடுத்துகிற சேலையை நீளவாக்கில் மடித்து, இடுப்பில் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். சவுரி வைத்துப் பின்னிய சடை, அதில் கனகாம்பரம். கன்னம் இரண்டிலும் சந்தனம். நெற்றியில் ரூபாய்க் காசு அளவுக்குக் குங்குமம். புருவத்துக்கு மேலே வரிசையாக வெள்ளைப் பொட்டு, தீக்குச்சி முனையால் வைத்தது, ஒவ்வொன்றும் ஒரே அளவு. யாரோ விடிவதற்கு முன்னால் அவனை எதிரே உட்காரவைத்து, ஆடாதே ஆடாதே என்று சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கையில் வேப்பிலைக் கொத்து.

"சார், நான் மாதங்கி" என்றான்.

சுற்றியிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடானது.

"இது ஹாலோவீன்டா. பொம்பள வேஷம் கட்டிட்டு வந்திருக்கே? சர்க்குலர் பாத்தியா இல்லியா?"

"அம்மவாரு சார்…"

"அதெல்லாம் ஊர்ல வெச்சுக்க. போய் மூஞ்சியக் கழுவிட்டு வா."

தண்ணீர்க் குழாயடியில் அவன் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சேலையை அவிழ்த்தான். உள்ளே அரை டிராயர் போட்டிருந்தான். பத்து வயசுப் பையன், ஆறு கஜத்தையும் தானே மடித்தான். நடுவை மோவாயில் அழுத்திக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக் கரையோடு கரை சேர்த்து, சேலை தரையில் படாமல் மடித்தான். பீ.டி. அறையில் கிடந்த ஒரு சட்டையைக் கொடுத்தேன். அப்படியும் காதுக்குப் பின்னால் சந்தனம் போகவில்லை. குரூப் போட்டோ எடுக்கும்போது அவன் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். நான் கூப்பிடவில்லை.

அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் பிள்ளைகளுக்குப் பின்னால், அப்போது கட்டிக்கொண்டிருந்த மாடிக் கட்டடம் தெரியும். சாரத்தில் ஒரு திருஷ்டி பூசணிக்காய் தொங்குகிறது: உருட்டி விழிக்கிற கண், பெரிய மீசை, வெளியே நீட்டிய நாக்கு. நேர் கீழே, மேசைமேல், கண்ணும் பல்லும் வெட்டி உள்ளே மெழுகுவத்தி வைத்த பரங்கிக்காய் இரண்டு. கெட்டது அண்டாமலிருக்கக் காய்க்கு முகம் வைப்பது என்ற ஒரே காரியத்தை இரண்டு ஊர் ஜனங்கள் செய்திருக்கிறார்கள். போட்டோவை எத்தனையோ தடவை பார்த்தும் அப்போதெல்லாம் அது என் கண்ணில் படவில்லை.

அது என்ன வேஷம் என்று தெரியாமல் நான் அந்தப் பையனை விரட்டியிருந்தால், அறியாமல் செய்த தப்பு என்று என்றைக்கோ மறந்திருப்பேன். எனக்குத் தெரியும். நான் பிறந்து வளர்ந்தது திருப்பதி. தாத்தய்யகுண்டா கங்கம்மா கோயிலுக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போவோம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. பாட்டியை அவ்வா என்றுதான் கூப்பிடுவோம். கோடையில் எனக்கு அம்மை போட்டுப் பிழைத்தேன் என்று அம்மா கங்கம்மாவுக்கு நேர்ந்துகொண்டாள். 1983 மே மாதம், ஏழு வயசில், எனக்குச் சேலை கட்டி ஜாத்திரைக்கு அழைத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்தோம். வளையல் போட்ட கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று படத்தைப் பார்த்தாலே தெரியும்.

திருப்பதி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலைமேல் இருக்கிற பெருமாள்தான். ஊருக்குள் இருக்கிறவர்களுக்குக் கங்கம்மா அவருடைய தங்கை. ஜாத்திரைக்குத் தேவஸ்தானத்திலிருந்து அண்ணன் வீட்டுச் சீராகப் புடவை வரும். சாட்டிம்பு என்கிற ஜாத்திரை அறிவிப்பு போட்டுவிட்டால், ஜாத்திரை முடிகிறவரை ஊரைவிட்டுப் போய் வெளியில் தங்கக் கூடாது என்பார்கள். அதற்குப் பிறகு நாளுக்கொரு வேஷம். பைராகி வேஷத்தன்று உடம்பெல்லாம் நாமக்கட்டி வெள்ளை. பண்ட வேஷத்தன்று குங்குமச் சிவப்பு. தோட்டி வேஷத்தன்று கரி. தொர வேஷத்தன்று சந்தனம். பிறகு மாதங்கி, சுண்ணப்பு குண்டலு, கடைசியில் செவ்வாய்க்கிழமை ஜாத்திரை. அன்று ராத்திரி கோயில் முன்னால் களிமண்ணில் அம்மனின் பெரிய முகம் எழும்பும். அதைக் கலைத்ததும் அந்த மண்ணில் ஒரு துளிக்காக ஜனம் முட்டி மோதும்.

அவ்வா சொன்ன கதை இதுதான். ஊரை ஆண்ட பாளேகாடு ஒருவன், எந்த வீட்டில் பெண் பூத்தாலும் தன்னிடம் வர வேண்டும் என்றான். கங்கம்மா அவிலாலாவில் குழந்தையாகக் கிடைத்து, கைகாலக் குடும்பத்தில் வளர்ந்தாள். அவள்மேல் அவன் கை வைத்தபோது அவள் தன் சொரூபத்தைக் காட்டினாள். அவன் ஓடி ஒளிந்துகொண்டான். ஒளிந்தவனை வெளியே வரவழைக்கத்தான் அவள் தினம் ஒரு வேஷம் போட்டாள். பண்ட வேஷத்தில் தெருத்தெருவாகத் திட்டிக்கொண்டு போனாள். அதனால்தான் அன்றைக்கு வேஷக்காரர்கள் கெட்ட வார்த்தை பேசினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. கடைசியில் தொரையாக வந்தாள். யாரோ தன்னைப் போல ஒரு துரை என்று நினைத்து அவன் வெளியே வந்தான். தலை போயிற்று. அதற்கு மறுநாள் அவள் மாதங்கியாகிப் போனது எங்கே தெரியுமா? அவன் பெண்டாட்டிக்கு ஆறுதல் சொல்ல. அந்த இடம் வரும்போது அவ்வா குரலைத் தாழ்த்திக்கொள்வாள். ஆம்பளைங்க இந்த ஒரு வாரமாவது பொம்பளையா நிக்கட்டும், அப்பத்தான் ஒரைக்கும் என்பாள்.

நான் விரட்டியது அந்த மாதங்கியை.

எனக்கு வெட்கம் வந்தது சென்னையில். 1994இல் காலேஜ் ஹாஸ்டலில், என் பெட்டியில் இருந்த அந்தப் படத்தை அறைத்தோழன் எடுத்துப் பார்த்துவிட்டான். "யார்டா இது?" என்றான். "என் தங்கச்சி" என்றேன். எனக்குத் தங்கை கிடையாது. அன்றைக்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே போன படம், வருஷக்கணக்காக அங்கேயே இருந்தது. பட்டணத்தில் ஆங்கிலம் படித்து, ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவனுக்குக் கெட்ட வார்த்தை பேசுகிற திருவிழாவும் சேலை கட்டுகிற நேர்த்திக்கடனும் மறைக்க வேண்டிய விஷயங்களாகிவிட்டன. சித்தூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு சொந்த ஊர் எது என்று கேட்டால், "இங்கதான்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். எழுபது கிலோமீட்டர்தான் தூரம். பெரிய பொய் இல்லை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

ஹாலோவீனுக்கு மறுநாள் அந்தப் பையனின் அம்மா வந்தார். மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் சீசன் வேலைக்குப் போகிறவர். சண்டை போட வரவில்லை. கை கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், அவன் மேல தப்பில்ல சார். பேய் வேஷம்னு சொன்னான். வீட்ல பேய் வேஷமெல்லாம் வேணாம், அம்மவாரு வேஷம் கட்டு, பேயிங்க கிட்டயே வராதுன்னு எங்க அத்தைதான் சொன்னாங்க. நேத்து செவ்வாக்கெழம வேற. நாந்தான் சார் கட்டிவிட்டேன். எங்களுக்குத் திருப்பதி. வருஷா வருஷம் ஜாத்திரைக்கு அவனுக்குக் கட்டுவோம். நீங்களும் அந்தப் பக்கம்தான்னு சொன்னாங்களே, உங்களுக்குத் தெரியாததா?"

நான் ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. நான் சித்தூர்தான்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரிங்க சார். தெரியாதவங்களுக்கு அது அப்படித்தான் இருக்கும். மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தெரியாதவன் என்று நம்பி என்னை மன்னித்தார். அந்த மன்னிப்பை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பேய் அண்டாமலிருக்க வேஷம் கட்டுவது என்று அசெம்பிளியில் நான் எதைச் சொன்னேனோ, அதையேதான் அந்த வீட்டுப் பெரியவர் அடுப்படியில் சொல்லியிருக்கிறார். கெல்ட் என்றபோது அது வரலாறு. பையனின் அம்மா வாயிலிருந்து வந்தபோது நான் தலை நிமிரவில்லை.

நான் சொன்ன அந்த வரலாறும் சரியில்லை. 2020இல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த மாதங்களில்தான் ஒழுங்காகப் படித்தேன். பிரிட்டனின் சடங்குகளைப் பற்றி ரொனால்ட் ஹட்டன் என்ற வரலாற்றாசிரியர் 1996இல் எழுதிய பெரிய புத்தகம் ஒன்று உண்டு. கோடை முடிந்து இருட்டுக்காலம் தொடங்குகிற சௌவின், பழைய ஐரிஷ்காரர்களுக்குப் பெரிய நாள்தான். அரசர்கள் கூடி விருந்துண்டதையும், மேடுகளுக்குள் இருக்கும் வேற்றுலகத்தின் கதவு அன்று திறந்ததையும் பற்றிக் கதைகள் நிறைய உண்டு. ஆனால் அவற்றை எழுதிவைத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள், பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு. அது இறந்தவர்களுக்கான விழா என்பதற்கோ, பேயை ஏமாற்ற அந்தக் காலத்து ஜனங்கள் முகமூடி போட்டார்கள் என்பதற்கோ பழைய சான்று ஒன்றும் இல்லை. அது கெல்ட் வருஷப் பிறப்பு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் ரீஸ் என்ற வெல்ஷ் அறிஞர் செய்த ஊகம். வேஷம் போட்டு வீடு வீடாகப் போகிற வழக்கம் ஏட்டில் வருவது பதினாறாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில். அங்கேயும் அயர்லாந்திலும் விளக்காகக் குடைந்தது டர்னிப் கிழங்கு; 1840களின் பஞ்சத்துக்குப் பிறகு கப்பலேறிப் போன ஐரிஷ்காரர்கள் அமெரிக்காவில் பரங்கிக்காயைக் கையிலெடுத்தார்கள்.

இறந்தவர்கள் இந்த நாளுக்குள் வந்தது பெரும்பாலும் தேவாலயத்தின் வழியாக. சகல புனிதர்களுக்கும் ஒரு நாள் என்பது ரோமில் முதலில் மே 13ஆக இருந்தது. ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அந்தத் தேதியில்தான் பாந்தியன் கோயில் மாதாவுக்கும் வேதசாட்சிகளுக்கும் அர்ப்பணிக்கப்பட்டது. பழைய ரோமானியர்கள் வீட்டுக்கு வரும் ஆவிகளை அனுப்பிவைத்த லெமூரியா நாட்களில் ஒன்றும் அதே மே 13. பிறகுதான் புனிதர் நாள் நவம்பர் 1க்குப் போனது. அதற்கு முந்தைய ராத்திரிதான் ஹாலோவீன். புனிதர் நாளுக்கு மறுநாள், நவம்பர் 2, இறந்த எல்லா ஆன்மாக்களுக்கும்; பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் க்ளூனி மடத்துத் தலைவர் ஓடிலோ தொடங்கிவைத்தது.

நவம்பர் 2 என்று படித்ததும் பழைய அட்டெண்டன்ஸ் ஞாபகம் வந்தது. அது கல்லறைத் திருநாள். சித்தூரிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் அன்று கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்றும். அதே 2017இல், ஹாலோவீன் முடிந்த இரண்டாம் நாள், என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் வரவில்லை. சொல்லாமல் லீவ் எடுத்ததற்கு டைரியில் எழுதி அனுப்பினேன். ஹாலோவீனின் கூடப்பிறந்த நாளைத்தான் அவர்கள் கொண்டாடப் போயிருந்தார்கள்.

இன்னொரு புத்தகமும் அப்போதுதான் கைக்கு வந்தது. ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் என்ற அமெரிக்கப் பேராசிரியை திருப்பதியில் தங்கி, கங்கம்மாவையும் ஜாத்திரையையும் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார், 2013இல் வந்தது. என் தெருவைப் பற்றி ஒரு வெளிநாட்டுக்காரர் மரியாதையோடு எழுதியதைப் படித்த பிறகுதான் பெட்டியைத் திறந்து செய்தித்தாளைத் தூக்கினேன். அவ்வா சொல்லியும் அம்மா கட்டியும் வராத தைரியம், அச்சில் பார்த்த பிறகு வந்தது. இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தத் தைரியத்தையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். 2024 டிசம்பரில் 'புஷ்பா 2' வந்தது. அல்லு அர்ஜுன் உடம்பெல்லாம் நீலம் பூசி, சேலை கட்டி, ஜாத்திரையில் ஆடினார். தேசமே பார்த்தது. ஸ்டாஃப் ரூமில் அதே பேச்சு. "அது எங்க ஊர் ஜாத்திரை. சின்ன வயசுல நானும் கட்டியிருக்கேன்" என்று நான் முன்னால் போய்ச் சொன்னேன். "சார், நீங்க சித்தூர்னுல்ல நெனச்சோம்" என்றார் ஒரு சின்ன வயசு டீச்சர். எல்லாரும் ஆசையாகக் கதை கேட்டார்கள். நானும் சொன்னேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஊர் கைதட்டுகிறபோது என் வேஷத்தைச் சொல்லிக்கொண்டேன். பத்து வயசுப் பையன் ஒருவன், கைதட்ட யாருமில்லாத நாளில், அதைக் கட்டிக்கொண்டு தனியாக என் முன்னால் வந்து நின்றான்.

ஹாலோவீன் கொண்டாடக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. டர்னிப்பைக் குடைந்தவர்களும் அவரவர் அவ்வா சொன்னதைச் செய்தவர்கள்தான். 2024இல் அக்டோபர் 31 தீபாவளி, பள்ளி இல்லை. போன வருஷம், 2025இல், அது வெள்ளிக்கிழமை. சர்க்குலர் போடவில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே, செத்துப்போன பெரியவங்களுக்கு உங்க வீட்ல என்ன பண்ணுவாங்கன்னு கேட்டுட்டு வாங்க என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகள் கொண்டுவந்ததை எழுதக் கரும்பலகை போதவில்லை. பெத்தல அமாவாசைக்குக் கபில தீர்த்தத்தில் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டது. கார்த்திக மாசத்தில் உயரத்தில் ஏற்றும் ஆகாச தீபம், மேலே போகிறவர்களுக்கு வழி தெரிய. தாத்தாவுக்குப் பிடித்த பீடிக்கட்டைப் படையலில் வைப்பதாக ஒரு பிள்ளை சொன்னது. கல்லறைக்குச் சுண்ணாம்பு கரைப்பது தன் வேலை என்றாள் ஒரு பெண். அதன் பிறகு சௌவினைச் சொன்னேன், தெரிந்ததைத் தெரிந்தது என்றும் ஊகத்தை ஊகம் என்றும். கடைசியில் 1983 படத்தைக் கையில் கொடுத்து அனுப்பினேன். "யார் சார், உங்க தங்கச்சியா?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்றேன். சிரித்தார்கள். பிறகு, வளையல் எப்படி கைக்குள்ளே போச்சு சார் என்று கேட்டார்கள்.

ஆனால் அந்தப் படத்தை நான் காட்ட வேண்டியது அந்த வகுப்புக்கு இல்லை.

அதற்கு ஐந்து மாதம் முன்னால், 2025 மே மாதம், ரொம்ப வருஷத்துக்குப் பிறகு ஜாத்திரைக்குப் போனேன். கடைசி நாள், செவ்வாய்க்கிழமை. கோயில் தெருவில் கால் வைக்க இடமில்லை. வளையல் கடை ஓரம் ஒதுங்கி நின்றபோது அவர்களைப் பார்த்தேன். பையன் அம்மாவைவிட ஒரு முழம் உயரமாகிவிட்டான். மேலுதட்டில் அரும்பு மீசை, பச்சைச் சேலை, கண்ணாடி வளையல். சடையில் பூ சரிந்திருந்தது. அவன் முழங்காலை மடக்கிக் குனிந்து நின்றான், அம்மா எட்டி ஊக்கு குத்திவிட்டார். அவர் நிமிரும்போது முகம் என் பக்கம் திரும்பியது. பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. படம் அன்றைக்கு என் சட்டைப் பையில் இருந்தது. அவர்களைப் பார்த்தாலும் பார்ப்பேன் என்றுதான் எடுத்துக்கொண்டு போனேன். நான் வளையல் கடையின் படுதாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மேளம் கடந்து, அவர்களும் கடந்து போகிறவரை அங்கேயே நின்றேன்.